பாம்பு கடிக்காத மலை

மிலிட்டரி கேம்ப்பை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் போடியில் ஆளாளுக்கு ஒரு ஒப்பாரி வைத்தார்கள். கேம்ப்புக்குக் காய்கறி லோடு அடிக்கிறவர் அழுதார். பால் ஊற்றுகிறவர் அழுதார். சிப்பாய்களுக்குத் துணி வெளுத்துக் கொடுத்த குடும்பம் அழுதது. ராசிங்காபுரத்திலிருந்து ராக்கையா என்று ஒரு ரிட்டயர்டு ஹவில்தார் பஸ்சு பிடித்து வந்தார். கேண்டீன் சோப்புக்கும் ரம்முக்கும் இனிமேல் மதுரைக்கா போவது, நாட்டுக்காக உழைத்தவனுக்கு இதுதானா மரியாதை என்று பஸ் ஸ்டாண்டில் நின்று கத்தினார். அவர் கத்தியதில் பாதி நியாயமும் இருந்தது, பாதி ரம்மும் இருந்தது.

நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவரவர் பிழைப்பு அவரவருக்கு. ஆனால் அந்தக் கேம்ப் போனால் உயிரே போகும் என்கிற நிலைமையில் இருந்தவர்கள் நாங்கள். நாங்கள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

என் பேர் ரோஜா. குரங்கணிக்கு மேலே, ஜீப்பும் மிலிட்டரி லாரியும் மட்டும் ஏறுகிற பாதையில் ஈச்சமேடு என்று ஒரு இடம். அங்கே முத்துக்கிருஷ்ணன் முதலாளியின் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறேன். என் வீட்டுக்காரர் ஒச்சப்பன் அதே எஸ்டேட்டில் ஜீப்பு ஓட்டுகிறார். கேம்ப், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற எங்கள் லைன் வீடுகளுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பெரிய பட்டாளமெல்லாம் கிடையாது. ஒரு டவர், கொஞ்சம் தகர ஷெட்டுகள், கொஞ்சம் சிப்பாய்கள். செயற்கைக்கோள் வந்துவிட்டதால் டவருக்கு வேலை இல்லையாம். அதனால் மூடுகிறார்களாம்.

எங்களுக்கு டவரைப் பற்றிக் கவலை ஒன்றும் இல்லை. அந்தத் தகர ஷெட்டுகளில் ஒன்று ஆஸ்பத்திரி ரூம். அந்த ரூமில் ஒரு பிரிட்ஜ். அந்த பிரிட்ஜுக்குள் பாம்புக்கடி மருந்து. கேம்ப் என்றால் எங்களுக்கு அவ்வளவுதான்.

ஏலக்காயைப் பாயசத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது மாங்காய் போல உச்சியில் காய்க்காது. செடியின் தூரிலிருந்து சரம் சரமாகக் கிளம்பி, தரையோடு தரையாகப் படர்ந்து, சருகுக்குள் காய்த்துக் கிடக்கும். குத்தவைத்து உட்கார்ந்து, சருகை விலக்கி, தூருக்குள் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். நமக்குக் காய் இருக்கிற இடம், பாம்புக்குக் குளிர்ச்சியாகப் படுக்கிற இடம். போடி ஏலச் சந்தையில் காயை உள்ளங்கையில் போட்டு உருட்டி, பச்சை நன்றாக இருக்கிறது என்று தலையாட்டுகிறவர்கள், அதை எடுத்த கை எங்கே நுழைந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

என்னைக் கடித்தது ஓர் ஆடி மாதம். கையை இழுத்தபோது விரியன் கூடவே வந்தது. பக்கத்துத் தூரில் உட்கார்ந்திருந்த அன்னக்கொடி அத்தைதான் கவைக்கம்பால் தட்டிவிட்டாள். கேம்ப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முழங்கைவரை வீங்கிவிட்டது. ஈறில் ரத்தம் கசிந்தது. போடி பெரியாஸ்பத்திரிக்கு என்றால் அந்த மழையில் அரை நாள். ஓடையில் தண்ணீர் வந்திருந்தால் ஜீப்பு இறங்கவே இறங்காது. நான் அன்றைக்கே முடிந்திருப்பேன்.

கேம்ப்பில் இருந்த டாக்டர் ஒரு சின்னப் பெண். வடக்கே எங்கேயோ ஊர். தன் பேரை மூன்று தடவை சொன்னாள், எங்கள் நாக்கில் அது உட்காரவில்லை, டாக்டரம்மா என்றே வைத்துக்கொண்டோம். இரண்டு நாள் என் பக்கத்தை விட்டு நகரவில்லை. தமிழையும் எங்களிடம்தான் கற்றுக்கொண்டாள். அவள் முதலில் படித்தது, "எங்கே வலிக்குது?" இரண்டாவது படித்தது, "அழாதே." எனக்கு இரண்டு விரல் மடங்கியபடி நின்றுபோனது, ஆனால் கை மிஞ்சியது, நானும் மிஞ்சினேன். என்னைப் போல அந்த மலையில் எத்தனையோ பேர்.

இதை நான் அப்போது யாரிடமும் சொல்லக்கூடாது. ஏனென்றால் நான் சூடம் அணைத்திருந்தேன்.

அந்த மருந்து சிப்பாய்களுக்காக வைத்தது. வெளியாளுக்குப் போட்டால் டாக்டருக்குத்தான் கேள்வி. இந்தப் பெண்ணுக்கு முன்னால் ஒரு மீசைக்கார டாக்டர் இருந்தார். தங்கமான மனுஷன். ட்ரெக்கிங் வந்த ஒரு பத்திரிகைக்காரன் எங்களிடம் கதை கேட்டு, நாங்களும் வாய் நிறையச் சொல்லி, அவன் 'மலைமக்களின் தெய்வம்' என்று படத்தோடு போட்டுவிட்டான். நாங்கள் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினோம். அடுத்த மாதமே மேலிடத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். தெய்வத்தை எங்கேயோ பனிமலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அன்றைக்கு அன்னக்கொடி அத்தைதான் லைன் வீட்டு ஆட்கள் எல்லோரையும், ஜீப்பு டிரைவர்களையும் கருப்பசாமி முன்னால் கூட்டினாள். வெற்றிலையில் சூடம் ஏற்றி வைத்தாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அது சத்தியம். மீறினால் குடும்பம் விளங்காது. "கேம்ப்புல வைத்தியம் பாத்ததை வெளியாளு எவன் கேட்டாலும் சொல்ல மாட்டேன்" என்று வீட்டுக்கு வீடு அணைத்தோம். நானும் அணைத்தேன், என் வீட்டுக்காரரும் அணைத்தார்.

அணைத்ததோடு விட்டோமா? அதில்தான் எங்கள் மடத்தனம். மாதாமாதம் கணக்கெடுக்க வருகிற நர்சு, "யாருக்காச்சும் பாம்புக்கடி உண்டா?" என்று கேட்டால், ஊரே ஒரே குரலில் "இல்லம்மா" என்போம். கடிபட்டேன் என்று சொன்னால் எங்கே காட்டினாய் என்று கேட்பாளே! என் கையைப் பார்த்துக் கேட்டதற்கு, ஜீப்புக் கதவில் நசுங்கிவிட்டது என்றேன். அவளும் எழுதிக்கொண்டு போனாள்.

கேம்ப்பை மூடுவது பற்றி மக்களின் குறைகளைக் கேட்கிறோம் என்று குரங்கணிப் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். பந்தலுக்குக் கீழே மேடை. மேடையில் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி, கேம்ப்பின் மேஜர், மேஜருக்குத் தமிழை மொழிபெயர்த்துச் சொல்ல டாக்டரம்மா. முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் முத்துக்கிருஷ்ணன் முதலாளியும் மற்ற எஸ்டேட்காரர்களும். பின்னால் தார்ப்பாயில் நாங்கள்.

முதலாளி எழுந்தார். இத்தனை நாளும் மலைப்பாதையைக் கேம்ப் சரிபண்ணி வைத்திருந்தது, இனி யார் பார்ப்பார்கள், ஏலக்காய் லோடு எப்படி இறங்கும் என்று கேட்டார். அதிகாரி பொறுப்பாகக் குறித்துக்கொண்டார். ராக்கையா கேண்டீனைப் பற்றிக் கேட்டார். அதையும் குறித்துக்கொண்டார். பால்காரருக்கும் ஆறுதல் சொன்னார். பிறகு நான் எழுந்தேன்.

"சார், எங்களுக்கு மேல ஒரு ஆஸ்பத்திரி ரூமு வேணும். பாம்புக்கடி மருந்து வேணும். அது வைக்க ஒரு பிரிட்ஜி வேணும். வேற ஒண்ணும் வேணாம்."

அதிகாரி லேப்டாப்பைத் திறந்து எதையோ தேடினார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தார்.

"அம்மா, கடந்த பத்து வருஷத்துல உங்க ஈச்சமேட்டுல ஒரு பாம்புக்கடிகூடப் பதிவாகல. ஒண்ணுகூட! சுத்தியிருக்கிற எல்லா மலையிலயும் இருக்கு, உங்ககிட்ட மட்டும் இல்ல. நம்ம மாவட்டத்துலயே பாம்பு கடிக்காத மலை உங்களோடதுதான். இதுக்கு நீங்க சந்தோஷம்ல படணும்? எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க."

முன் வரிசை கை தட்டியது. முதலாளியும் தட்டினார்.

நேரே மேடைக்குப் பக்கத்தில் போய் என் கையை அவர் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன்.

"இதைப் பாத்துட்டுச் சொல்லுங்க சார். இது என்ன கொசுக்கடியா?"

என் பின்னாலேயே நாலைந்து பெண்கள் எழுந்து வந்தார்கள். ஒருத்தி காலைக் காட்டினாள். ஒருத்தி புறங்கையைக் காட்டினாள். அதிகாரிக்குச் சிரிப்பு குறைந்தது. மனுஷன் மோசமானவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பில் இருப்பதுதான் உலகம் என்று நம்புகிற சாதி, அவ்வளவுதான்.

"சரிம்மா. நம்புறேன். எந்த ஆஸ்பத்திரியில பாத்தீங்க? யார் வைத்தியம் பாத்தது? சொல்லுங்க, இப்பவே எழுதிக்கிறேன்."

யாரும் பேசவில்லை. எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேடையைப் பார்த்தேன். டாக்டரம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் போனாள். பக்கத்தில் மேஜர் உட்கார்ந்திருக்கிறார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் மீசைக்கார டாக்டருக்கு ஆனதுதான் அவளுக்கும்.

அதற்குள் பின்னாலிருந்து அன்னக்கொடி அத்தை அலறினாள்.

"யாரும் பாக்கல சார்! ஒரு வைத்தியமும் பாக்கல! தானா எறங்கிருச்சு!"

"தானாவா?"

"ஆமா சார், எல்லாருக்கும் தானாத்தான் எறங்குச்சு!"

அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"தானா இறங்குற விஷத்துக்கு எதுக்கும்மா மருந்து ரூமு?"

பந்தலே சிரித்தது. ராக்கையா தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். மேஜர் என்னவென்று கேட்க, டாக்டரம்மா குனிந்தபடியே ஏதோ ரெண்டு வார்த்தை சொன்னாள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டார். கூட்டம் முடிந்தது. எல்லோருக்கும் வடையும் டீயும் கொடுத்தார்கள்.

நான் அந்த வடையைத் தொடவில்லை. யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் எல்லோரையும் கோபித்தேன். அதிகாரியைக் கோபித்தேன், அத்தையைக் கோபித்தேன், ஊரில் யார் சண்டைக்கு வந்தாலும் பின்வாங்காத என் வாயைக் கோபித்தேன். பள்ளிக்கூடக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

"நான் சொல்ல எந்திரிச்சேன், ரோஜாக்கா."

"பாத்தேன். சொல்லியிருந்தா உங்க சோலி போயிருக்கும்."

"போனாப் போகட்டும்."

"அதை நீங்க சொல்லலாம் டாக்டரம்மா. நாங்க சொல்லலாமா?"

மருந்தையாவது விட்டுப் போகிறோம் என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டாளாம். கணக்கில் உள்ள பொருளை விட்டுப்போக முடியாது என்று பதில் வந்ததாம். இதைச் சொல்லும்போது அவள் அழுதாள். அழாதே என்று தமிழில் அவளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

லாரிகள் மழைக்கு முன்னால் இறங்கின. கட்டில், மேஜை, ஜெனரேட்டர் எல்லாம் போனது. கடைசி லாரியில் அந்த பிரிட்ஜைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். குலுங்கிக் குலுங்கி வளைவில் திரும்பிப் போகிறவரை நாங்கள் பாதையோரமாக நின்றோம். சிப்பாய்கள் கை காட்டினார்கள். எங்களில் பாதிப் பேர் கையை உயர்த்தவே இல்லை.

"போச்சு, வா" என்றார் என் வீட்டுக்காரர். அவர் அதிகம் பேசமாட்டார்.

மறுநாள் காய் எடுப்பு. அந்த வருஷம் விளைச்சல் நல்ல விளைச்சல். சரமெல்லாம் காய் திமிறிக்கொண்டு கிடந்தது. நான் கூடையை இறக்கி, தூருக்கு முன்னால் குத்தவைத்தேன். சருகை விலக்கினேன். அதோடு நிறுத்திவிட்டேன். பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பயம் எனக்குக் கடிபட்ட நாளிலிருந்தே உண்டு, அதோடுதான் இத்தனை நாளும் கையை விட்டேன். அன்றைக்கு வந்தது வேறு. எனக்குக் கோபம் வந்தது. பாம்பு கடிக்காத மலை என்று கை தட்டினார்களே, எதற்காக நான் கையை விட வேண்டும்?

கங்காணி ஈஸ்வரன் வந்தான். எனக்குத் தம்பி முறை.

"என்னக்கா, சும்மா உக்காந்திருக்க? மேல் பத்திச் செடி பூராம் எடுக்காமக் கெடக்குல்ல."

"மருந்து வந்தா எடுக்குறேன்."

"வெளையாடாதக்கா."

"ஈஸ்வரா, உங்கக்கா வெளையாடுற மூஞ்சியாடா இது?"

பக்கத்துத் தூரிலிருந்து அன்னக்கொடி அத்தை தலையைத் தூக்கிப் பார்த்தாள். கூட்டம் நடந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் பேசவில்லை. அவள் எழுந்து, இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து உதறி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பத்தி முழுக்கக் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன.

சேதி பரவி மற்ற எஸ்டேட்டுகளிலும் காய் எடுப்பு நின்றது. முதலாளிகள் போடியிலிருந்து வேறு ஆளை ஏற்றிவிடலாம் என்று பார்த்தார்கள். ஆள் கிடைத்தது, ஜீப்பு கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் சாவியைக் கங்காணி கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். மற்ற எஸ்டேட் டிரைவர்களும் அப்படியே செய்தார்கள். அவர்களும் சூடம் அணைத்தவர்கள்தானே. கடிபட்டவர்களைத் தூக்கிப்போட்டுக்கொண்டு அந்தப் பாதையில் ஓட்டியவர்கள் அவர்கள்தான்.

மூன்றாம் நாள் முத்துக்கிருஷ்ணன் முதலாளியே மேலே வந்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏலக்காட்டுக்குள் நடந்து பார்த்தார். காய் முற்றிச் சில சரங்களில் வெடிக்க ஆரம்பித்திருந்தது. எலியும் அணிலும் தின்ற தோல் சிதறிக் கிடந்தது. பாவம், மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களில் எவருக்காகவும் அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

"ஏத்தா ரோஜா, கூலி பத்தலையா? கூட்டித் தர்றேன், சொல்லு."

"கூலி வேணாம் மொதலாளி. மருந்து வேணும்."

"நானா ஆஸ்பத்திரி நடத்துறேன்? அந்த ஆபீசரு என்ன சொன்னாரு? பாம்பே கடிக்காத மலைன்னு கவர்மெண்டே சொல்லுது. அப்புறம் என்னத்துக்குப் பயப்படுறீக?"

"அப்ப நீங்களே கையை விட்டு ஒரு சரம் எடுத்துக் காட்டுங்க மொதலாளி. நாங்களும் பின்னாலயே எறங்குறோம்."

தூரைக் காட்டினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தூரைப் பார்த்தார், சருகைப் பார்த்தார், ரெண்டு எட்டு பின்னால் வைத்தார். பிறகு செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. எஸ்டேட்காரர்கள் எல்லோரும் சேர்ந்து யாரையோ போய்ப் பார்த்தார்கள். அந்த யாரோ இன்னொருவரைக் கூப்பிட்டார். வாரம் திரும்பவில்லை, புது பிரிட்ஜ் வந்தது, அதை ஓட்டப் புது ஜெனரேட்டர் வந்தது, பெட்டியில் மருந்து வந்தது, ரேணுகா என்று ஒரு நர்சும் வந்து இறங்கினாள். காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பக்கத்து ரூமை வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். வருஷக்கணக்காக உயிர் போகும் என்று பயந்து கிடந்தவர்களுக்கு வராதது, காய் வெடிக்கிறது என்றதும் மலை ஏறி வந்துவிட்டது.

திறப்பு விழாவுக்கு அதே அதிகாரி வந்தார். வாழைமரம் கட்டியிருந்தார்கள். மைக்கைப் பிடித்துப் பேசினார்.

"இந்தப் பகுதியில் இதுவரை பாம்புக்கடிச் சம்பவமே இல்லாதபோதிலும், ஏலக்காய் உற்பத்தி எந்த வகையிலும் பாதிக்கப்படக்கூடாது என்ற அக்கறையோடு, திரு. முத்துக்கிருஷ்ணன் அவர்களின் விடாமுயற்சியால்..."

முதலாளிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். எங்கள் பேச்சே வரவில்லை. நாங்கள் பெண்கள் எல்லோரும் கூடையோடு ஓரமாக நின்றோம். விழா முடிந்ததும் காட்டுக்குள் இறங்குவதாகத்தான் இருந்தோம். கேட்டது வந்துவிட்டது, இனி என்ன என்று எனக்கும் மனசு கொஞ்சம் இறங்கியிருந்தது.

முதலாளி பொன்னாடையோடு எங்களிடம் வந்தார்.

"என்ன ரோஜா, கேட்டது வந்துருச்சுல்ல? கோவம் தீந்துச்சா? சரி, வெரசா எறங்குங்க. இன்னைக்குள்ள கீழ்ப் பத்தியவாச்சும் முடிச்சிரணும்."

அவர் அந்த விரட்டலை விரட்டாமல் இருந்திருந்தால் நான் அதைக் கேட்டிருக்க மாட்டேனோ என்னவோ.

"மொதலாளி, ஒண்ணு கேக்கவா? என்னைக் கடிச்சப்ப கேம்ப்புக்குத் தூக்கிட்டுப் போனது யாரு ஜீப்பு?"

"ஏன், நம்ம ஜீப்புதான்."

"எனக்கு முன்னால கடிபட்டவகளைத் தூக்கிட்டுப் போனது?"

"அதுவும் நம்ம ஜீப்புதான். எத்தனை பேரைத் தூக்கியிருக்கு நம்ம வண்டி! நான் என்னைக்காவது டீசலுக்குக் கணக்குக் கேட்டிருக்கேனா?"

"அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும். அன்னைக்கு ஆபீசரு ஒண்ணுகூட இல்லன்னு சொன்னப்ப நாங்க வாயைத் தொறக்க முடியாம நின்னோம். நாங்க சூடம் அணைச்சவுக. நீங்க அணைக்கலையே மொதலாளி. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவர் அதிகாரி நிற்கிற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரலை இறக்கினார். குற்றம் செய்தவன் குரல் இல்லை அது. குழந்தைக்குப் புரியவைக்கிறவன் குரல்.

"புரியாமப் பேசாத ஆத்தா. எஸ்டேட்டுல வேலை பாக்கும்போது கடிச்சுச்சுன்னு கவர்மெண்டு கணக்குல ஏறுனா எஸ்டேட்டு மேலல்ல கேஸு வரும்? நஷ்டஈடு, லீவு நாளுக்குக் கூலின்னு ஒவ்வொருத்தரா வந்து நிப்பீக. எனக்கு மட்டும் சொல்லல, இந்த மலையில எல்லா மொதலாளிக்கும் அதான். நீங்களா வாயை மூடிக்கிட்டு இருந்தீக. நாங்க எதுக்குத் தொறந்து விடணும்?"

அத்தனை வருஷமாக, ஒரு நல்ல மனுஷிக்கு நம்மால் கேடு வந்துவிடக்கூடாது என்று மூடி வைத்த வாய். என் கையைக் கதவில் நசுங்கியது என்று நானே சொன்ன பொய். தானாக இறங்கிவிட்டது என்று ஊர் முன்னால் அத்தை அசிங்கப்பட்டது. அதெல்லாம் கடைசியில் இந்த மனுஷருக்கு நாங்கள் சம்பளமில்லாமல் பார்த்த காவல் வேலையா? டாக்டரம்மா தன் உத்தியோகத்தைப் பணயம் வைத்து மருந்து போட்டாள். இவர் ஜீப்புக்கு டீசல் போட்டு, கை தட்டி, பொன்னாடையும் போர்த்திக்கொண்டார்.

அன்னக்கொடி அத்தை அவர் முன்னால் வந்து நின்றாள். வாழ்நாளில் அவள் எந்த முதலாளிக்கு முன்னாலும் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"நாங்க அணைச்ச சூடத்துல நீங்க குளிர் காஞ்சிருக்கீக, மொதலாளி."

அவர் பொன்னாடையைச் சரிசெய்தபடி வழிவிடச் சொல்லிக் கையைக் காட்டினார். அத்தை வழிவிட்டாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏடி ரோஜா, அன்னைக்கு நம்ம என்னத்தடி சத்தியம் பண்ணுனோம்?"

"கேம்ப்புல வைத்தியம் பாத்ததைச் சொல்ல மாட்டோம்னு."

"கடிச்சதைச் சொல்ல மாட்டோம்னு பண்ணுனோமா?"

பண்ணவில்லை. கடியைப் பற்றிச் சாமி முன்னால் நாங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வைத்தியத்தை மறைக்கப் போய் நாங்களாகவே கடியையும் சேர்த்து மறைத்தோம். எவரும் எங்களிடம் கேட்காத சத்தியத்துக்கு நாங்களாகக் கட்டுப்பட்டுக் கிடந்திருக்கிறோம். இந்த மலையில் எங்களைவிட மடச்சிகள் உண்டா?

அதிகாரி ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டார். ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"சார், எறங்குங்க. பதிவு இல்ல, பதிவு இல்லன்னு சொன்னீகல்ல. இப்ப நாங்க சொல்றோம், எழுதுங்க."

"அன்னைக்கே கேட்டேனேம்மா, யார் வைத்தியம் பாத்தாங்கன்னு? நீங்கதானே..."

"வைத்தியம் பாத்தது யாருன்னு கேக்காதீக சார். அதைச் செத்தாலும் சொல்ல மாட்டோம். எந்த எஸ்டேட்டுல வச்சுக் கடிச்சுச்சுன்னு கேளுங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். முதலாளி கிட்டத்தட்ட ஓடி வந்துகொண்டிருந்தார். வெள்ளையடித்த ரூமிலிருந்து நர்சு ரேணுகா ஒரு நாற்காலியும் பதிவு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து போட்டாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளாகவே கொண்டுவந்தாள். அதிகாரி ஜீப்பிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தார்.

கூடைகளை ஓரமாக வைத்துவிட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். என் வீட்டுக்காரர் மற்ற எஸ்டேட்டு லைன்களுக்கும் சொல்லிவர ஜீப்பை எடுத்தார். வரிசையில் முதலில் நின்ற அன்னக்கொடி அத்தை சேலையை முழங்கால்வரை தூக்கி, கெண்டைக்காலில் இருந்த பழைய தழும்பைக் காட்டினாள்.

"எந்த எஸ்டேட்?" என்று கேட்டார் அதிகாரி.

பக்கத்தில் மூச்சு வாங்கியபடி நின்றுகொண்டிருந்த முதலாளியை அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவர் பேரை, இனிஷியலோடு, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.